பந்தயக் கார்களில் எதனோல் கலந்த எரிபொருள்

கரும்பு, சோளம் போன்றவற்றிலிருந்து வடிக்கும் எதனோலைப் பெற்றோலுடன் கலந்து பந்தய எஞ்சின்களில் எரிக்கும் முறை. அமெரிக்க இண்டிகார் 2007இல் ஏறக்குறைய தூய எதனோலுக்கும், 2012இல் 85 சதவீதக் கலவையான இ85க்கும் மாறியது. நாஸ்கார் 2011இல் இ15ஐயும், ஃபோர்முலா 1 2022இல் இ10ஐயும் ஏற்றன.

இதன் உண்மையான பலம் குளிர்ச்சி. ஆவியாகும்போது எதனோல் பெற்றோலைவிட இரு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சுகிறது; ஒக்டேன் எண்ணும் 100ஐத் தாண்டும். அதனால் எஞ்சின் தட்டாமல் டர்போ அழுத்தத்தை உயர்த்தலாம், தீப்பொறியை முற்படுத்தலாம். இலங்கையின் வெலிமடை, தியத்தலாவை போன்ற உயரமான இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சினில் தட்டல் இயல்பாகவே குறையும். ஆகவே அங்கு எதனோலால் கூடுதல் பயன் பெறுவது டர்போ கார்களே. தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் பந்தயத்தடம் இந்த மலைப்பகுதியில்தான் இருக்கிறது.

ஒரு கிலோ பெற்றோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எதனோலுக்கு 9 போதும். எனவே அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருளைச் செலுத்த இ85க்குப் பெரிய இன்ஜெக்டர்களும் வலுவான பம்பும் தேவை. இவற்றை மாற்றாமல் இ85 ஊற்றுவது எஞ்சினுக்கே ஆபத்து.

ஊவா மாகாணத்தின் பெல்வத்தை சீனி ஆலை கழிவுப்பாகிலிருந்து எதனோல் வடிக்கிறது. அது பெரும்பாலும் மதுபான உற்பத்திக்கே போகிறது. உள்ளூர்ப் பந்தயத்துக்கு ஒரு பங்கை ஒதுக்குவது ஆராயத்தக்கது. ஆனால் எதனோல் ஈரத்தை உறிஞ்சும். மூடுபனி மலைகளில் கலனை இறுக மூடாவிட்டால், குறைந்த எதனோல் கலவைகளில் நீரும் எதனோலும் சேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும்.