அலமாரியில் ஒரு காமிரா

என் வீட்டு அலமாரியில் ஒரு காமிரா இருக்கிறது. என்னுடையதல்ல. சேக்காட்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் நால்வர் கூட்டாகப் பணம் போட்டு வாங்கியது. குறும்படம் எடுக்கப் போகிறோம் என்று ஆறு மாதத்துக்கு முன் என்னிடம் வந்தார்கள். நாவல் எழுதுகிறவன் என்ற ஒரே காரணத்துக்காகக் கதையை நான் கேட்டாக வேண்டும் என்றார்கள். கேட்டேன். ஆவடியில் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பட்டணத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. நன்றாகத்தான் இருந்தது. பத்து நாள் படம் பிடித்தார்கள். பதினோராம் நாள், டைரக்‌ஷன் என்று யார் பெயரைப் போடுவது என்ற பேச்சு வந்தது. அன்றைக்கு நின்ற படம் நின்றதுதான். இப்போது அவர்களில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவன் சந்துக்குள் திரும்பிவிடுகிறான். காமிரா யாரிடம் இருப்பது என்பதிலும் ஒத்துவரவில்லை. நான் பொது மனிதனாம். என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அலமாரிச் சாவியைப் பத்திரப்படுத்துவது இப்போது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

"சிநேகிதத்துக்குள்ளே காசு வந்தா இப்படித்தான்" என்றாள் என் மனைவி. எனக்கு அப்படிச் சொல்லி முடித்துவிட மனம் வரவில்லை. தமிழ்ப் படவுலகில் நண்பர்கள் கூடி எடுத்த ஒரு படத்தின் சரித்திரம் என் நினைவில் இருந்ததுதான் காரணம்.

1960-ல் "பாதை தெரியுது பார்" என்று ஒரு படம் வந்தது. எடுத்தவர்கள் படமுதலாளிகள் அல்லர். இடதுசாரி எண்ணம் கொண்ட நண்பர்கள். குமரி பிலிம்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். டைரக்டர் நிமாய் கோஷ், வங்காளி. 1950-ல் "சின்னமூல்" என்ற வங்காளிப் படத்தை எடுத்தவர். தேசப் பிரிவினையில் வேரறுந்து வந்த அகதிகளின் கதை அது. சியால்தா ஸ்டேஷனில் கிடந்த நிஜ அகதிகளையே படம் பிடித்தார். ருஷ்ய டைரக்டர் புடோவ்கின் பார்த்துப் பாராட்டிய படம். ஆனால் பாராட்டு அரிசி பருப்பாக மாறுவதில்லையே! கோஷ் சென்னைக்கு வந்து காமிராமேனாகப் பிழைக்க வேண்டியிருந்தது. தமிழ் அவருக்குத் தாய்மொழியல்ல. ஆயினும் தமிழ்ப் படம் ஒன்றை அவர் கையில் கொடுக்க நண்பர்கள் துணிந்தார்கள்.

சங்கீதம் எம்.பி. சீனிவாசன். ஏ.கே. கோபாலனுக்குக் காரியதரிசியாக இருந்தவர். சினிமாவுக்கு இசையமைப்பது அதுவே முதல் தடவை. கதாநாயகன் கே. விஜயனும் திரைக்குப் புதியவர். பின்னாளில் டைரக்டராகி "திரிசூலம்" எடுத்தவர் அவர்தான். பாட்டெழுதியவர்களைப் பாருங்கள்: பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம், ஜெயகாந்தன். பட்டுக்கோட்டையார் படம் வெளிவருவதற்கு முன்பே, 1959-ல், இருபத்தொன்பது வயதில் காலமாகிவிட்டார்.

இத்தனை பேர் கூடியும் படம் ஓடவில்லை. மத்திய சர்க்காரின் தகுதிச் சான்று கிடைத்தது. கொட்டகைகளில் கூட்டம் கிடைக்கவில்லை. இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. படத்தை எடுக்கிற வரையில் நண்பர்களின் ராஜ்யம். பெட்டியில் அடைத்த மறுநாள் அது விநியோகஸ்தரின் ராஜ்யம். அங்கே சிநேகிதம் செல்லுபடியாகாது. கணக்கு மட்டும்தான் செல்லும். நம்முடைய பாட்டை விரும்பி நாலு பேர் முணுமுணுப்பதைக் கணக்கில் வரவு வைக்க முடியுமா? ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய பாட்டைப் பழைய பாட்டுப் பிரியர்கள் இன்றும் கேட்கிறார்கள். படத்தைப் பார்த்தவர்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும்.

ஜெயகாந்தன் அதோடு ஒதுங்கவில்லை. ஆசிய ஜோதி பிலிம்ஸ் என்ற பெயரில், நண்பர்களின் துணையோடு, தம் "உன்னைப் போல் ஒருவன்" நாவலைத் தாமே டைரக்ட் செய்தார். சேரியில் வாழும் ஒரு தாய், அவள் மகன், ஒரு கிளி ஜோசியன். இங்கே டைரக்டர் யார் என்ற வழக்குக்கே இடமில்லை. அந்தக் குரலுக்கு எதிரே யார் பேசியிருக்க முடியும்? படத்துக்கு டில்லியின் கௌரவம் வந்தது. கொட்டகை மட்டும் முன்போலவே வரவில்லை. முதல் படத்தில் பத்துப் பேர் சேர்ந்து பட்ட பாட்டை இதில் ஒருவர் தலைமையில் பட்டார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கோஷும் சீனிவாசனும் வேறு பக்கம் போனார்கள். இதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. தோற்றுப்போன கூட்டாளிகள் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுப் பிரிவதுதான் உலக வழக்கம். இவர்களோ படத்தொழிலில் கூலிக்கு உழைப்பவர்களுக்குச் சங்கம் கட்டினார்கள். சீனிவாசன் வாத்தியக்காரர்களைத் திரட்டினார். கோஷ் டெக்னீஷியன்களைத் திரட்டினார். இன்று பெப்சி என்று நாம் சொல்லும் சம்மேளனம் உருவானதில் இருவருக்கும் பெரிய பங்கு. எந்த வேலைக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் முதலாளியின் முகதாட்சண்யத்தில் கிடந்த காலம் போய், காகிதத்தில் ஏறியது. "நமக்குள்ளே என்ன எழுத்து?" என்று சொல்லித்தான் நண்பர்கள் படம் எடுக்க ஆரம்பிப்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். நான்கூடத் தலையாட்டினேன், அந்தத் தப்பில் எனக்கும் பங்குண்டு.

சங்கம் கண்ட பிறகு சீனிவாசனுக்கு நண்பர்கள் படம் என்றால் கசந்துபோயிற்றா என்றால், அதுவும் இல்லை. 1977-ல் ஜான் ஆபிரகாம், வெங்கட் சாமிநாதனின் கதையைக் கொண்டு "அக்ரகாரத்தில் கழுதை"யைக் கையில் பணமில்லாமல் எடுத்தபோது, அதில் இசையமைத்ததோடு, கழுதைக்குட்டியை வளர்க்கும் புரொபசராக நடித்தவரும் இவரேதான். ஐம்பது வயதை எட்டிய ஒரு மனிதர், சங்கத்துக்குக் கூலி விகிதம் பேசுகிற மனிதர், கழுதைக்குட்டியோடு அக்கிரகாரத் தெருவில் நடக்கிறார்! அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. 1989-ல் தூர்தர்ஷனில் காட்டுவதாக அறிவித்து, எதிர்ப்பு வரவும் நிறுத்திவிட்டார்கள். சீனிவாசன் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நால்வரில் ஒருவன் வந்தான். "தாத்தா, பாட்டரியைச் சார்ஜ் போடாம வச்சா கெட்டுப்போயிடும்" என்றான். அலமாரியைத் திறந்துவிட்டேன். பிளக்கில் மாட்டிவிட்டு, "வேற யாராவது வந்தாங்களா?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முந்தின ஞாயிறு இன்னொருவன் இதே வேலையாக வந்துவிட்டுப் போனதைச் சொன்னேன். பேரைக் கேட்டான். சொன்னேன். சந்துக்குள் திரும்புகிறவனின் பேர்தான்.

பாட்டரியில் பச்சை விளக்கு எரியும் வரையில் அவன் எழுந்திருக்கவில்லை.