அருவிக்கு வெள்ளையடித்த கதை

போன வருஷம் குற்றால சீசன் முடிகிற நேரத்தில் எனக்குப் படம் வரைகிற கிறுக்கு பிடித்தது. பகல் முழுக்க ஸ்கிரீனில் கோட் பார்க்கிறவனுக்கு, சாயங்காலம் கையில் அழுக்கு ஒட்டுகிற வேலை ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். முதல் மாதம் ஆயில் பேஸ்டல் வாங்கினேன். அடுத்து கரிக்கோல், அப்புறம் போஸ்டர் கலர், கடைசியாக வாட்டர் கலர். பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் ஸ்டேஷனரி கடை அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும், "போன தடவ வாங்குனத முடிச்சிட்டியளா?" என்று கேட்பார். ஒருநாளும் முடித்ததில்லை. படம் சரியாக வரவில்லை என்றால் தப்பு என் கையில் இல்லை, சாமானில்தான் என்று நம்புவது வசதியாக இருந்தது.

ஊசிக்கோபுரத்தை நாலு சாமானிலும் வரைந்து பார்த்தேன். கரியில் கம்பீரமாக வந்தது. பேஸ்டலில் பிறந்தநாள் கேக் மாதிரி. அது கூடப் பரவாயில்லை. பாபநாசம் அருவியை வாட்டர் கலரில் வரைய உட்கார்ந்தபோதுதான் வசமாக மாட்டினேன். பாறையைத் தீட்டினேன், மரத்தைத் தீட்டினேன், ஈரத்தின் பச்சையைத் தீட்டினேன். கடைசியில் தண்ணீருக்கு இடம் தேடினால் தாளில் வெள்ளையே மிச்சமில்லை. சரி என்று வெள்ளை போஸ்டர் கலரை எடுத்து மேலே பூசினேன். அருவி விழவில்லை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி விறைத்து நின்றது. கன்ட்ரோல் இசட் கிடையாதே.

இதே அருவியை எனக்கு முன்னால் யாராவது வரைந்திருக்கிறார்களா என்று அன்றைக்கு ராத்திரி தேடப்போய்த்தான் டேனியல்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம். 1785-இல் இங்கிலாந்தில் கப்பல் ஏறும்போது தாமஸுக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி, வில்லியமுக்குப் பதினைந்து பதினாறு. தாமஸ் கோச்சு வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் பட்டறையில் தொழில் பழகியவர், பிறகுதான் லண்டன் ராயல் அகாடமியின் பள்ளியில் சேர்ந்தார். பையனுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த கல்லூரி என்றால் அது இந்தியாவும் தாமஸும்தான்.

1786-இல் கல்கத்தா வந்து சேர்ந்ததும் அவர்கள் கையில் எடுத்தது அக்வாடின்ட் என்ற அச்சு முறையை. இங்கிலாந்திலேயே அது 1770களில்தான் பரவ ஆரம்பித்த புது வித்தை. செம்புத் தகட்டின் மீது பிசின் தூளைத் தூவி, சூடு காட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் ஊறப்போடுவார்கள். தூளுக்கு நடுவே தெரியும் செம்பை அமிலம் அரிக்கும். கொஞ்ச நேரம் அரித்தால் அச்சில் இளஞ்சாம்பல், நெடுநேரம் அரித்தால் கருப்பு. எங்கே வெள்ளை வேண்டுமோ அந்த இடத்தை அமிலத்துக்கு அனுப்பும் முன்பே வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். கல்கத்தாவில் இதைத் தெரிந்த பட்டறை இல்லை. தகட்டைத் தயார் செய்வதிலிருந்து அச்சு எடுப்பது வரை பல வேலைகளைத் தாங்களே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டுதான் இரண்டு வருஷத்தில் கல்கத்தா நகரக் காட்சிகள் 12 வெளியிட்டார்கள். அந்தப் படங்களில் கரடுமுரடு தெரியும். எனக்கு அவைதான் ரொம்பப் பிடிக்கும்.

எனக்குப் பொறி தட்டியது அந்த வார்னிஷில்தான். எண்ணெய் வண்ணத்தில் வெள்ளையைக் கடைசியில் வைக்கலாம். அக்வாடின்டிலும் வாட்டர் கலரிலும் வெள்ளை என்பது தொடாமல் விட்ட இடம். அருவி எங்கே விழுகிறது என்பதை முதல் ஆளாக முடிவு செய்ய வேண்டும், பாறை அப்புறம். நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

1792-இல், கல்கத்தாவில் தங்கள் ஓவியங்களை லாட்டரி போட்டு விற்ற காசில், இருவரும் தெற்கே கிளம்பினார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. சென்னையிலிருந்து பல்லக்கு, சுமை தூக்குகிறவர்கள் என்று ஒரு கூட்டமே புறப்பட்டு, மைசூர்ப் பக்கத்து மலைக்கோட்டைகளைப் பார்த்துவிட்டு, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு இறங்கியது. வழியில் பயன்பட்டவை பென்சில், தாள், நீர் வண்ணம், கூடவே 'கேமரா அப்ஸ்குரா' என்ற பெட்டி. எதிரே இருக்கும் காட்சியை லென்ஸ் வழியாகத் தாளில் விழவைக்கும். விழுந்ததைப் பென்சிலால் ஒற்றி எடுக்கலாம். எண்ணெய் ஓவியமும் செம்புத் தகடும் பெரும்பாலும் ஊர் திரும்பின பிறகு. இங்கிலாந்தில் 1795 முதல் 1808 வரை 'ஓரியன்டல் சீனரி' என்ற தலைப்பில் 144 படங்கள் வெளிவந்தன. அச்சின் மேல் ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். அதில் குற்றாலம் இருக்கிறது, களக்காட்டுப் பக்கத்திலிருந்து பார்த்த மலை இருக்கிறது, பாபநாசம் அருவியும் இருக்கிறது. அவர்கள் எழுத்துக்கூட்டலில் அது 'புப்பனாசம்'.

அதன் டிஜிட்டல் பிரதியைப் பெரிதாக்கித் தண்ணீரை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் தாள். இருநூறு வருஷமாக விழுந்துகொண்டிருக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பேன். ஆனால் 1792 என்ற எண் உறுத்தியது. அதே ஆண்டுதான் கம்பெனி ஆற்காடு நவாபோடு ஒப்பந்தம் போட்டு, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை வாங்கியது. ஏழு வருஷத்தில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மறுபடி போர். டேனியல்கள் இங்கே வந்தபோதும் பாளையங்கோட்டையில் கம்பெனிப் படை இருந்தது. அந்தக் கோட்டை வாசல்களில் ஒன்றைத்தான் இன்றைக்கு மேடை போலீஸ் ஸ்டேஷன் என்கிறோம். நான் தினமும் டூவீலரில் அதைக் கடந்து போகிறேன். புப்பனாசம் படத்திலோ மலை இருக்கிறது, நீர் இருக்கிறது, ஊர் அமைதியாக இருக்கிறது.

அக்வாடின்ட் மூடுபனிக்கும் பாறைக்கும் ஏற்ற சாமான், அரசியல் அதில் ஒட்டாது என்று அவர்களுக்காக வாதாடிப் பார்த்தேன். செல்லுபடியாகவில்லை. மைசூர்ப் போர் நடந்த மலைக்கோட்டைகளை அதே சாமானில் அதே கைகள் வரைந்திருக்கின்றன, லண்டனில் அதற்குக் கிராக்கி இருந்ததால். முழுத் தொகுதியின் விலை 210 பவுண்டு. அந்தக் காசைக் கொடுக்கிறவனுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஓர் அருவி போதும். எதை வார்னிஷ் பூசி மூடுவது என்பதைத் தகடு முடிவு செய்வதில்லை. கடை அண்ணாச்சியிடம் நான் சொல்லிக்கொண்டிருந்த சாக்கைத்தான் இருநூறு வருஷம் தாண்டி அவர்களுக்கும் கடன் கொடுக்கப் பார்த்தேன் என்று புரிந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தப் படத்தின் மேல் ஆசை குறையவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மழை ஓய்ந்த பிறகு பாபநாசம் போனேன். டேனியல்கள் பார்த்த தண்ணீரை இனி யாரும் பார்க்க முடியாது. 1880களில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை இந்த நீரின் விசையை நம்பித்தான் இங்கே வந்தது. 1940களில் மேலே அணையும் மின்நிலையமும் வந்தன. இன்றைக்கு ஆற்றில் எவ்வளவு விழும் என்பதில் அதிகாரிகளின் கையும் இருக்கிறது. கையில் வார்னிஷ் இல்லை, வீட்டில் கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தி ஒரு துண்டு இருந்தது. தண்ணீர் விழும் இடத்தில் முதலில் மெழுகைத் தேய்த்தேன். அதன் மேல் நிறத்தை ஓட்டினால் மெழுகு பட்ட இடத்தில் ஒட்டாமல் நழுவியது. மின்கம்பியையும் குளிக்கிற கூட்டத்தையும் விடாமல் போட்டேன். அதனால் படம் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தண்ணி நல்லா வந்திருக்கே. இது எந்தக் கலரு?"

"மெழுகுவர்த்தி அண்ணாச்சி."

"அது நம்மகிட்ட கெடையாதுல்லா," என்றார். "எதிர்த்த மளிகைக் கடையில கேளுங்க."