மண்ணெண்ணெயில் ஓடின கார்கள்

எங்க ஊர் தாராசுரத்துல 800 வருஷத்துக்கும் மேலா ஒரு வண்டி நின்னுட்டிருக்கு. ஐராவதேஸ்வரர் கோயில்ல இரண்டாம் ராஜராஜன் காலத்துல கட்டின தேர் மண்டபம்தான் அது. சக்கரம் இருக்கு, குதிரை இருக்கு, ஓட மட்டும் ஓடாது. அதனால பெட்ரோல் செலவும் கிடையாது :-)

இந்தப் பதிவு ஓடின வண்டிகளைப் பத்தி. அதுவும், ஒரு அரசாங்கமே பெட்ரோலை நிறுத்தின பிறகும் ஓடின வண்டிகளைப் பத்தி.

கோடியக்கரையில போய் நின்னா, கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். 1990 ஜூன்ல அங்க மறுபடி போர் ஆரம்பிச்சுது. யாழ்தேவி ரயில் நின்னுது, கரண்ட் போச்சு. புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதிக்குள்ள பெட்ரோல், டீசல், பேட்டரி, சிமெண்ட், உரம்னு ஒரு நீளமான பட்டியல் போட்டு அரசாங்கம் தடை விதிச்சுது. மண்ணெண்ணெய் மட்டும் அளவா வரும், அதுவும் அடுப்புக்கும் விளக்குக்கும். சனங்க ஜாம் போத்தல்ல திரி போட்டு, கொஞ்சூண்டு எண்ணெயில விளக்கு எரிச்சாங்க. சைக்கிளைக் கவுத்துப் போட்டு பெடலைச் சுத்தி, டைனமோ கரண்ட்ல ரேடியோ செய்தி கேட்டாங்க. இதெல்லாம் ஈழத்து நண்பர்கள் எழுதி நாம படிச்சதுதான்.

சரி, சைக்கிள்ல எவ்வளவு தூரம் போக முடியும்? பிரசவ வலி வந்தா? ஷெல்லடியில காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னா? அங்கதான் நம்ம ஹீரோ என்ட்ரி. ஆஸ்டின் ஏ40, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர். எல்லாம் 1940கள், 50கள்ல இங்கிலாந்துல வடிவமைச்ச வண்டிகள். நம்ம அம்பாசடர் கூட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோட வாரிசுதானே, அதனால தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம். மத்த இடத்துல பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய இந்தக் கிழங்களைத்தான் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் மண்ணெண்ணெய்க்குப் பழக்கினாங்க.

புதுசா இருந்த வண்டியை விட்டுட்டு ஏன் கிழவண்டி? கொஞ்சம் எஞ்சினுக்குள்ள போவோம். (பொட்டி தட்டுறவன்தான், ஆனாலும் எஞ்சினியரிங் படிச்சதை எப்பத்தான் காட்டுறது!)

மண்ணெண்ணெய் பெட்ரோல் மாதிரி சட்டுனு ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சின்ல ஊத்தினா ஈரமா நிக்குமே தவிர பத்தாது. இன்னொரு பிரச்சினை ஆக்டேன். மண்ணெண்ணெய்க்கு அது ரொம்பக் கம்மி. சிலிண்டருக்குள்ள ரொம்ப அமுக்கினா, நேரம் வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சு எஞ்சின் 'டக் டக்'னு தட்ட ஆரம்பிச்சிடும். இப்ப வர்ற கார்ல கம்ப்ரஷன் 10-க்கு 1, அதுக்கும் மேல. ஏ40 மாதிரி பழைய எஞ்சின்ல அது 7-க்கு 1-ஐ ஒட்டித்தான். ஆக, மட்டமான எண்ணெயையும் சகிச்சுக்கும். போதாததுக்கு அந்த எஞ்சின்கள்ல காத்து உள்ள போற குழாயும் புகை வெளிய வர்ற குழாயும் ஒரே பக்கத்துல ஒட்டி இருக்கும். புகைக்குழாய் சூட்டுல எண்ணெய் கொஞ்சம் நல்லாவே ஆவியாகும்.

கிளப்புறதுக்கு மட்டும் பெட்ரோல் வேணும். பானட்டுக்கு அடியில சின்னதா ஒரு போத்தல், அதுல இருந்து கார்புரேட்டருக்கு ஒரு டியூப். அதுவும் இல்லேன்னா கார்புரேட்டர் வாயில நேரா சில சொட்டு. எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திடணும். இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்தள்ளி வைக்கணும். அதுக்கு கம்ப்யூட்டரெல்லாம் வேணாம், டிஸ்ட்ரிபியூட்டரோட நட்டைத் தளர்த்திக் கையால திருப்பினாப் போதும்.

இந்த டெக்னிக் வானத்துல இருந்து குதிக்கலை. இங்கிலாந்துல ஃபெர்குசன், ஃபோர்ட்சன் டிராக்டர்கள்ல மண்ணெண்ணெய்க்குச் சொந்தமான ஒரு எண்ணெயை வித்தே உழுதிருக்காங்க. பெட்ரோல்ல கிளப்பு, சூடானதும் மாத்து, அதே கதைதான். இரண்டாம் உலகப்போர்ல பெட்ரோலுக்கு ரேஷன் வந்தப்ப, நம்ம ஊர்ப் பக்கமும் பஸ்ஸுக்குப் பின்னாடி கரி அடுப்பைக் கட்டி, அந்தக் கேஸ்ல ஓட்டினாங்க. நம்ம தாத்தா தலைமுறை சொன்ன கரி பஸ் அதுதான். ஒரு வித்தியாசம் இருக்கு. கரி பஸ்ஸுக்கு அரசாங்கமே ஊக்கம் கொடுத்தது. யாழ்ப்பாணத்துல பெட்ரோலை நிறுத்தினதே அரசாங்கம்.

இன்னொருத்தரைச் சொல்லாம விட்டா யாழ்ப்பாணத்துக்காரங்க அடிக்க வருவாங்க. அது தட்டிவான். பழைய லாரி சேசிஸ் மேல மரத்துல கட்டின பாடி. பின்பக்கப் பலகையைச் சங்கிலியில தொங்க விட்டா அதுவே ஒரு தட்டு. அதுல காய்கறி மூட்டை ஏறும், ஆளும் உக்காருவாங்க. கொடிகாமம், பருத்தித்துறைப் பக்கம் சந்தைக்குப் போற சனத்துக்கு அதுதான் பஸ், அதுதான் லாரி. எங்க தாராசுரம் காய்கறி மார்க்கெட்ல மூட்டை இறக்குற வேன்களுக்கு அது பெரியப்பா முறை வேணும்.

இதையெல்லாம் 'ஆஹா, தமிழன் மூளையே மூளை'ன்னு கைதட்டிட்டுப் போறதுல எனக்கு உடன்பாடு இல்லை. மண்ணெண்ணெய் வண்டியோட புகை கண்ணை எரிக்கும். எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஆயிலைத் தண்ணியாக்கும், பேரிங் தேயும். பிளக்குல கரி பிடிக்கும், அதைக் கழட்டித் தேய்ச்சுத் திரும்பப் போடணும். ஆயிலும் தட்டுப்பாடு, பிளக்கும் தட்டுப்பாடு. அந்த மெக்கானிக் தன் கையாலேயே எஞ்சினோட ஆயுளைக் குறைக்கிறோம்னு தெரிஞ்சுதான் அதைச் செஞ்சிருப்பார். எஞ்சின் செத்தாலும் பரவாயில்லை, உள்ள இருக்கிறவர் பிழைக்கணும்ங்கிற கணக்கு அது. அப்படிக் கணக்குப் போட வேண்டிய நிலைமை யாருக்கும் வர வேணாம்.

1995 அக்டோபர் கடைசியில யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. லட்சக்கணக்கான பேர், பெரும்பாலும் நடந்தும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டும். வன்னியில தடை அதுக்கப்புறமும் தொடர்ந்தது. 2002-ல போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகுதான் பெட்ரோல் தாராளமா உள்ள போச்சு.

20 வருஷம் கழிச்சு, 2022-ல இலங்கை முழுக்கவே பெட்ரோல் இல்லாம போச்சு. க்யூஆர் கோடு காட்டி வாரத்துக்கு இத்தனை லிட்டர்னு வாங்கினாங்க. மறுபடி சைக்கிள் ரோட்டுக்கு வந்தது. ஆனா இந்தத் தடவை வீட்டு வாசல்ல நின்னதுல நிறைய வண்டி ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் சென்சாருமா வந்தவை. போத்தலைக் கட்டி டியூப் சொருகுற வேலையெல்லாம் அதுங்ககிட்ட நடக்காது. மைலேஜ்ல அதுங்க கில்லி, புகையும் கம்மி, மறுக்கலை. ஆனா ஒரு ஸ்பேனரையும் ஸ்க்ரூடிரைவரையும் வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் உள்ள கைவிட இடம் இல்லை. நாள் முழுக்க அதே மாதிரி மூடின பொட்டிகளுக்கு ப்ரோக்ராம் எழுதுறவன்ங்கிற முறையில இது எனக்குக் கொஞ்சம் உறுத்துது.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துல இருந்தவங்க இதைப் படிச்சா, உங்க வீட்டு வண்டி எதுல ஓடுச்சு, யார் அதைப் பழக்கினதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. முடிஞ்சா தனிப் பதிவாவே போடுங்க. அந்த மெக்கானிக்குகள் யாரும் எழுதி வச்சுட்டுப் போகலை.