குளிர் வாடகையும் வெப்ப வாடகையும்: பெர்லின் குடித்தனங்களின் வரலாறு

ஜெர்மனியில் வாடகைக்கு வீடு தேடுபவர் முதலில் கற்க வேண்டிய சொற்கள் இரண்டு: 'கால்ட்மீட்டே', 'வார்ம்மீட்டே'. முன்னது குளிர் வாடகை. பின்னது வெப்ப வாடகை. வெறும் சுவருக்கும் கூரைக்கும் தருவது குளிர் வாடகை. வீட்டைச் சூடாக்கும் செலவுக்கும் தண்ணீர், குப்பை முதலிய பொதுச் செலவுகளுக்குமான முன்பணம் அதனோடு சேர்ந்தால் வெப்ப வாடகை. ஆண்டு முடிந்தபின் கணக்கு வரும். முன்பணத்தை விஞ்சிச் செலவாகியிருந்தால் குடித்தனக்காரர் மீதியைக் கட்ட வேண்டும். குளிர் வாடகை குறைவென்று மகிழ்ந்து குடியேறியவர் அந்தத் தாளைக் கண்டு திகைப்பது அங்கே அரிய காட்சியன்று. வீடு ஒருவருடையது, குளிரில் வாழ்பவர் இன்னொருவர் என்றானபின், வெப்பத்துக்கு யார் பொறுப்பு? இக்கேள்வியைப் பெர்லின் நகரத்தின் வரலாற்றில் தொடர்ந்து செல்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலை நாடி மக்கள் பெர்லினில் குவிந்தனர். அவர்களுக்கென எழுந்தவை 'மீட்ஸ்கசெர்ன' எனப்பட்ட வாடகைப் பாசறைகள். நம் வழக்கில் சொன்னால் ஐந்தடுக்கு ஒண்டுக்குடித்தனங்கள். முன்கட்டுக்குப் பின்னால் முற்றம், அதன் பின்னால் இன்னொரு கட்டு, மீண்டும் முற்றம். தீயணைப்பு வண்டி திரும்புவதற்குப் போதுமான 5.34 மீட்டர் சதுரம் இருந்தாலே போதும் என்றது 1853ஆம் ஆண்டின் கட்டட விதி. அத்தகைய முற்றங்களின் கீழ்த்தளங்களை வெயில் எட்டியதில்லை.

அக்கால நகரக் கணக்கெடுப்புகள் வீட்டை அளந்த முறை நம் கவனத்துக்குரியது. எத்தனை அறை என்று அவை கேட்கவில்லை. சூடாக்கத்தக்க அறை எத்தனை என்றே கேட்டன. அடுப்பு இல்லாத அறை குளிர்காலத்தில் அறையாகாது என்பது அதன் பொருள். 1861இல் நகரத்து வீடுகளில் ஏறத்தாழப் பாதிக்கு அப்படிப்பட்ட அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சமையல், துவையல், உறக்கம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் அந்த ஒரே கணப்பைச் சுற்றி நிகழ்ந்தன. அதிலும் ஒரு மூலையை இரவுக்கு மட்டும் பிறருக்கு வாடகைக்கு விட்டவர்கள் உண்டு.

இவர்களினும் கீழே ஒரு கூட்டம் இருந்தது. 'ட்ரோக்கன்வோனர்' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். குடியிருந்து உலர்த்துவோர் என்று தமிழாக்கலாம். புதிதாகக் கட்டிய வீட்டின் சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்குக் கரியமில வாயு வேண்டும். இறுகும்போது அது ஈரத்தைக் கக்கும். ஆகவே ஈரம் காயாத வீடுகளில் ஏழைக் குடும்பங்களைச் சொற்ப வாடகைக்கோ, வாடகையின்றியோ குடிவைத்தனர். அவர்களின் மூச்சும் உடற்சூடும் அடுப்பும் சுவரை உலர்த்தின. சில மாதங்களில் சுவர் காய்ந்ததும் நல்ல வாடகை தருவோர் வந்தனர்; உலர்த்தியவர்கள் இருமலோடு அடுத்த ஈரவீட்டுக்குப் பெயர்ந்தனர். வாடகை குறைந்தால் எஞ்சிய தொகையை உடல் கட்டும் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேறில்லை.

போருக்குப் பின் வந்த 1946-47ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் நகரத்தின் புகழ்பெற்ற டீர்கார்ட்டன் பூங்காவின் மரங்கள் விறகாயின. 1948-49இல் சோவியத் முற்றுகையின்போது விமானங்கள் மேற்கு பெர்லினுக்குச் சுமந்த ஏறத்தாழ 23 லட்சம் டன் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு உணவன்று, நிலக்கரி.

பிரிந்த நகரத்தில் விடைகளும் பிரிந்தன. கிழக்கில் அரசு எழுப்பிய அடுக்ககங்களுக்கு மையக் கொதிகலன்களிலிருந்து வெந்நீர் ஓடியது. வாடகை மிகக் குறைவு. வெப்பத்துக்கு அளவுமானி இல்லை. அறை மிகச் சூடானால் சன்னலைத் திறந்துவிடுவதே அங்கு வழக்கமாயிற்று. அதே கிழக்கில், ப்ரென்ஸ்லாவர் பெர்க் பகுதியின் பழைய வீடுகளில் நிலவறையிலிருந்து பழுப்பு நிலக்கரிக் கட்டிகளை மாடிமாடியாகச் சுமந்து ஓடு பதித்த அடுப்பில் இடும் வேலை 1990களிலும் தொடர்ந்தது.

மேற்கில் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி கண்களைத் திறந்தது. 1977இல் புதிய கட்டடங்களுக்கு வெப்பக்காப்பு விதி வந்தது. 1981இல் வெப்பச் செலவு ஆணை வந்தது: பொதுக் கொதிகலன் உள்ள கட்டடத்தில் செலவில் 50 முதல் 70 விழுக்காட்டை அவரவர் பயன்படுத்திய அளவுப்படியும், எஞ்சியதைப் பரப்பளவு போன்ற நிலையான அடிப்படையிலும் பிரிக்க வேண்டும், அவ்வாறு பிரிக்காவிட்டால் குடித்தனக்காரர் தம் பங்கில் 15 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளலாம். ரேடியேட்டர்மீது பொருத்திய சிறு கண்ணாடிக்குழலில் ஆவியாகிக் குறையும் திரவம் பல்லாண்டுகள் கணக்கராக இருந்தது. வீண்செலவைத் தடுத்த நல்ல ஏற்பாடுதான். ஆயினும் நாம் ஒன்றைக் கருத வேண்டும்: குழாயைத் திருகுவது குடித்தனக்காரர் கையில் இருந்தது, ஒழுகும் சன்னலையும் மெலிந்த சுவரையும் மாற்றும் உரிமை அவரிடம் இல்லை. மாற்ற முடியாத சுவருக்கும் சேர்த்தே அவர் பணம் கட்டினார்.

சுவரின் குணத்தை முன்னரே அறியும் உரிமை தாமதமாகவே கிட்டியது. 2008 முதல் பழைய வீடுகளுக்கும் ஆற்றல் சான்றிதழ் கட்டாயமாகத் தொடங்கியது. 2014 மே முதல் வாடகை விளம்பரத்திலேயே அதன் எண்ணைக் குறிக்க வேண்டும் என்றாயிற்று. அந்த எண் ஒரு சதுர மீட்டருக்கு ஓராண்டில் எத்தனை கிலோவாட் மணி என்பதைச் சொல்லும். ஒரு கணக்குப் போடுவோம். 60 சதுர மீட்டர் வீடுகள் இரண்டு. ஒன்றின் எண் 250, மற்றதன் எண் 75. முன்னது 15,000 கிலோவாட் மணியும் பின்னது 4,500ம் கேட்கும். எரிவாயுவுக்கு 2023இல் அரசு வகுத்த உச்சவரம்பான 12 சென்ட் விலையில் முன்னதற்கு 1,800 யூரோ, பின்னதற்கு 540. மாதத்துக்கு 105 யூரோ வேறுபாடு. குளிர் வாடகை 80 யூரோ குறைந்த வீடு உண்மையில் 25 யூரோ கூடுதலான வீடு. மெய்யான செலவு வாழும் முறையைப் பொறுத்து மாறும். எனினும் ஒப்பிட இந்த எண் போதும்.

2022இல் ரஷ்ய எரிவாயு நின்றபோது இந்த வேறுபாடு பல குடும்பங்களின் அடுக்களை வரை வந்தது. 2023 தொடக்கத்தில் அமலான ஒரு சட்டம், எரிபொருள்மீதான கரிம வரியைக் கட்டடத்தின் தரத்துக்கேற்பப் பத்துப் படிகளாகப் பிரித்தது. மிக மோசமான வீட்டில் அவ்வரியின் 95 விழுக்காட்டை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். மறுபுறம், வீட்டுக்காரர் சுவரைச் சீரமைத்தால் செலவின் 8 விழுக்காட்டை ஆண்டு வாடகையில் ஏற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. 2019க்கு முன் இது 11 விழுக்காடு. வெப்பம் மலிவாகும்போது சுவரின் விலை ஏறிவிடுகிறது. கேள்வி தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

ஆயினும் தொலைவு சிறிதன்று. ஈரச்சுவரைத் தம் மூச்சால் உலர்த்தியவர்களிடம் எவரும் கணக்குக் காட்டியதில்லை. இன்று சுவர் எவ்வளவு தின்னும் என்பதைக் குடியேறுமுன் கேட்டறியலாம். சுவரின் உடையவரும் ஒரு பங்கைக் கட்டுகிறார். குளிர் வாடகையை மட்டும் பார்த்து வீட்டைத் தேர்பவர், நூற்றைம்பது ஆண்டுகள் போராடிப் பெற்ற இந்த அறிவைக் கைநழுவ விடுகிறார் என்றே நாம் கருதுகிறோம்.