ஈராக்கில் சுன்னி - ஷியா வேறுபாடும் அரசியலும்: ஒரு வரலாற்று நோக்கு

மத்திய கிழக்கில் போர் மூளும்போதெல்லாம், சுன்னி, ஷியாப் பிரிவினரிடையே ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலவிவரும் தீராப் பகையே அதற்குக் காரணம் எனக் கூறுவது வழக்கமாகிவிட்டது. இவ்விளக்கம் எளிமையானது, ஆயின் வரலாற்றோடு முற்றிலும் பொருந்துவதன்று. ஒரு பகை இயற்கையானதெனக் கொள்ளப்படின், அதனை வளர்த்தோர் யாவர், அதனாற் பயனடைந்தோர் யாவர் என்னும் வினாக்களுக்கு இடமில்லாது போய்விடும். அப்பாசிய கலீபாக்களின் தலைநகராயிருந்த பக்தாதையும், ஷியாக்களின் புனிதத் தலங்களான நஜஃப், கர்பலா நகரங்களையும் ஒருங்கே கொண்ட ஈராக்கின் வரலாறு இவ்வினாக்களை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றதாகும்.

கி.பி. 632இல் நபிகள் நாயகம் மறைந்தபின் சமூகத்துக்குத் தலைமைதாங்கும் உரிமை யாருக்குரியது என்பதிலேயே கருத்து வேறுபாடு தோன்றியது. அபூபக்கர் கலீபாவானதை ஏற்ற மரபினர் பிற்காலத்திற் சுன்னிகள் எனவும், நபிகளாரின் மருமகர் அலிக்கும் அவர் வழித்தோன்றல்களுக்குமே அவ்வுரிமை உரியது என்றோர் ஷியாக்கள் எனவும் வழங்கப்பட்டனர். 680இல் அலியின் மைந்தர் ஹுஸைன் கர்பலாவில் உமையா ஆட்சியாளர் யஸீதின் படைகளாற் கொல்லப்பட்டமை ஷியாக்களின் நினைவில் ஆறாத வடுவாயிற்று. எனினும், இந்நினைவு எல்லாக் காலங்களிலும் போருக்கு வழிவகுத்ததில்லை.

இவ்வேறுபாடு இரு பேரரசுகளின் போட்டியோடு பிணைந்தது 16ஆம் நூற்றாண்டிலாகும். 1501இல் தப்ரீஸ் நகரில் முடிசூடிய ஷா இஸ்மாயில், ஷியாக் கொள்கையைத் தமது அரசின் சமயமாக்கினார். அவரது சபவியப் பேரரசுக்கும் சுன்னிகளான உதுமானியருக்குமிடையே பக்தாத் பலமுறை கைமாறியது. 1638இல் உதுமானியர் அதனை மீண்டும் கைப்பற்ற, மறு ஆண்டு செய்யப்பட்ட உடன்படிக்கையால் ஈராக் அவர்களிடம் நிலைத்தது. நிருவாகப் பதவிகளும் இராணுவக் கல்வியும் பெரும்பாலும் சுன்னிகளுக்கே கிட்டின. ஷியாக் குடும்பங்கள் சில, உதுமானியப் படையிற் கட்டாய சேவை புரிவதைத் தவிர்க்கும் நிமித்தம் தம்மைப் பாரசீகப் பிரசைகளாகப் பதிவு செய்துகொண்டன. அன்று பாதுகாப்பளித்த இப்பதிவே பின்னர் பெருந்துயருக்குக் காரணமாயிற்று.

முதலாம் உலகப் போரின் பின்னர் ஈராக் பிரித்தானியரின் ஆணைக்குட்பட்டது. அதனை எதிர்த்து 1920இல் எழுந்த கிளர்ச்சியின்போது சுன்னிகளின் மௌலித் வைபவங்களும் ஷியாக்களின் துக்க அனுட்டானங்களும் பக்தாதின் பள்ளிவாசல்களில் ஒன்றுசேர்த்து நடத்தப்பட்டன. தீராப் பகைவர் இவ்வாறு ஒருவர் பள்ளிவாசலில் மற்றவர் கூடியிரார். கிளர்ச்சியை விமானத் தாக்குதல்களாலும் அடக்கிய பிரித்தானியர், 1921இல் ஹிஜாஸைச் சேர்ந்த பைஸலை மன்னராக்கினர். உதுமானியப் படையிற் பயின்ற சுன்னி அதிகாரிகளே அவரது ஆட்சியின் தூண்களாயினர். குடித்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் ஷியாக்களாயிருந்தும், முதல் ஷியாப் பிரதமர் 1947இலேயே பதவியேற்றார். 1924ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் உதுமானியப் பிரசைகளின் வழிவந்தோரையும் பாரசீகப் பதிவுடையோரின் வழிவந்தோரையும் வேறுபடுத்தி நோக்கியது.

இச்சட்டம் விதைத்த வித்து 1980இல் முளைத்தது. 1979ஆம் ஆண்டின் ஈரானியப் புரட்சியால் அச்சமுற்ற சதாம் ஹுசைனின் அரசு, 1980 ஏப்பிரலில் ஷியா மார்க்க அறிஞர் முஹம்மது பாக்கிர் அல்-சத்ருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. அடுத்த மாதம் வெளியான ஆணையொன்று ஈரானிய வம்சாவளியினரெனக் கருதப்பட்டோரின் பிரசாவுரிமையைப் பறித்தது. பாட்டனின் பதிவொன்றை முன்னிட்டுப் பல்லாயிரக்கணக்கானோர் எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்டனர்.

1980 செப்ரெம்பரில் ஈராக் ஈரான்மீது படையெடுத்தது. ஈராக்கிய ஷியாக்கள் தம் பக்கம் சேர்வரென ஈரானியத் தலைவர்களும், ஈரானின் குஸெஸ்தான் மாகாணத்து அரபுக்கள் கிளர்ந்தெழுவரெனச் சதாமும் எதிர்பார்த்தனர். இவ்விரு எதிர்பார்ப்புகளும் பொய்த்தன. ஈராக்கியப் படையின் சாதாரண வீரரிற் பெரும்பாலோர் ஷியாக்களாயிருந்தும், 1988 வரை அவர்கள் ஷியா ஈரானை எதிர்த்துப் போரிட்டனர். மறுபுறம், ஈராக்கைப் போன்றே பாத் கட்சி ஆண்ட அரபு நாடாகிய சிரியா ஈரானை ஆதரித்தது. சமயப் பிரிவு மாத்திரமே அணிகளைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2003இல் சதாமின் ஆட்சியை வீழ்த்திய அமெரிக்கா பழைய தவற்றையே வேறு வடிவிற் புரிந்தது. 25 பேர் கொண்ட ஆளுஞ் சபையில் 13 ஷியாக்கள், 5 சுன்னி அரபுக்கள், 5 குர்துக்கள், ஒரு துருக்மேனியர், ஓர் அசீரியர் என இடங்கள் பங்கிடப்பட்டன. இராணுவம் கலைக்கப்பட்டமையால் இலட்சக்கணக்கானோர் தொழிலிழந்தனர். முஹாஸஸா எனப்படும் இப்பங்கீட்டு முறையில் அமைச்சுக்கள் கட்சிகளின் உடைமைகளாயின. தத்தம் பிரிவினரின் அச்சமே அக்கட்சிகளின் மூலதனமாயிற்று. 2006 பெப்ரவரியில் சாமர்ரா நகரின் ஷியாப் புனிதத் தலம் தகர்க்கப்பட்டதும் பக்தாதிற் கொலைகள் பெருகின. ஒருவரது பெயரே அவரது உயிரைக் காக்கவோ பறிக்கவோ போதுமானதாயிற்று. இரத்தம் சிந்தப்பட்டபின் பகை வெறும் புனைவாயிராது, மெய்யாகவே உருப்பெற்றுவிடுகின்றது என்பதையும் மறுத்தற்கில்லை.

ஆயினும் அப்பகை மாற்ற முடியாததன்று. 2019 ஒக்ரோபரில் பக்தாத், நாசிரியா, பஸ்ரா ஆகிய நகரங்களில் ஊழலையும் பங்கீட்டு முறையையும் எதிர்த்துத் தெருவிலிறங்கியோரிற் பெரும்பாலோர் ஷியா இளைஞர்களே. அவர்கள் எதிர்த்த அரசும் ஷியாக் கட்சிகள் முதன்மை வகித்த அரசே. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டபோதும், தமக்கொரு தாய்நாடு வேண்டுமென்பதே அவர்களது முழக்கமாயிருந்தது. புனித நகராகிய நஜஃபிலேயே ஈரானியத் துணைத் தூதரகம் தீக்கிரையாயிற்று. 2016இல் முறிந்த சவூதி அரேபிய - ஈரானிய உறவும் 2023 மார்ச்சில் பீஜிங்கிற் செய்யப்பட்ட உடன்பாட்டால் மீண்டும் தொடங்கியது. ஆயிரத்து நானூறு ஆண்டுப் பகையாயின், அரச நலன் வேண்டியபோது முறிந்து, அது வேண்டியபோதே பொருந்தியிராது.

வேறுபாட்டைத் தோற்றுவித்தது சமயமாயினும், அதற்கு வாளைக் கொடுத்தது அரசேயாகும். பிரசாவுரிமையும் பதவியும் பாதுகாப்பும் பிறப்பின் அடிப்படையிற் பங்கிடப்படும்போது, அயலவன் போட்டியாளனாகின்றான், போட்டியாளன் பகைவனாகின்றான். சட்டத்தால் ஆக்கப்பட்டதைச் சட்டத்தால் மாற்றவும் இயலும். ஈராக்கின் ஒரு நூற்றாண்டு வரலாறு உணர்த்தும் துயரமும் அதுவே, நம்பிக்கையும் அதுவே.