பருவமழையும் குடியமைவும்: மடுல்கெல்லப் பகுதி பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தமிழரின் குடியமைவு வரலாற்றை ஆராயுமிடத்துப் பெருந்தோட்ட முதலீடு, கங்காணி முறை, அரசின் சட்டங்கள் ஆகியன முதன்மை பெறுதல் இயல்பே. அவற்றோடு காலநிலையையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும் என்பது நமது கருத்தாகும்.

கண்டி நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்தது. ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. ஆதலின் பருவங்களைப் பிரித்தறியத் துணைநிற்பது மழையே. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற் பருவக்காற்றும், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றும் வீசுகின்றன. இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே நகரின் மழைவீழ்ச்சி மிகுதியாகும். நகருக்கு வடகிழக்கே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடர் இருபருவக் காற்றுகளையும் தடுத்து மழை பெறுவது. அதன் மேற்குப் புறத்தே மடுல்கெல்ல உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சரிவுகளிற் கோப்பி பயிரிடப்பட்டது. கோப்பி பருவத்துக்குக் கட்டுப்பட்ட பயிர். ஆண்டுத் தொடக்க வறட்சியை அடுத்துவரும் மழையில் அது பூக்கும். ஆண்டின் பிற்பகுதியிற் பழுக்கும். பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பெருந்தொகையான தொழிலாளர் தேவைப்பட்டனர். தமிழகத்து வறட்சி மாவட்டங்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காடுகளைக் கடந்து, மாத்தளை வழியாக மலையேறினர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். எஞ்சியோருட் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். அக்காலத்திலேயே தங்கிவிட்டோரும் இருந்தனர்.

1869இல் இலங்கையில் இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. ஈர இலையில் முளைத்துக் காற்றாற் பரவும் பூஞ்சணமே அதற்குக் காரணம் என்பதை 1880க்கும் 1882க்கும் இடையில் மார்ஷல் வார்ட் ஆராய்ந்து விளக்கினார். பயிரை வளர்த்த ஈரமே அதன் நோயையும் வளர்த்தது எனலாம்.

கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, பின்னர்க் கோப்பியின் இடத்தைப் பெற்றது. தேயிலையிற் பயன்படுவது கனியன்று, கொழுந்து. மழை ஆண்டு முழுதும் பரந்து பெய்யுமிடத்துக் கொழுந்தும் தொடர்ந்து துளிர்க்கும். வறட்சியிற் குறையுமேயன்றி முற்றாக நிற்பதில்லை. வாரத்துக்கொருமுறை அளவிற் பறித்தல் இன்றியமையாததாயிற்று. பருவத் தொழிலாளருக்குப் பதிலாக ஆணும் பெண்ணும் கொண்ட குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்குவது தோட்டங்களின் தேவையாயிற்று. மழை மட்டுமே அவர்களை நிறுத்தியது என்று கூறுவதற்கில்லை. 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையும் கடனும் அவர்களைப் பிணித்தன. எனினும் அப்பிணிப்பை ஆண்டு முழுவதும் இலாபகரமாக்கியது மழையின் பரம்பலே.

இவ்வேறுபாடு சிறிதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முன்னோரின் பிறப்பை ஆவணங்களால் நிறுவுமாறு கோரியது. பதிவுகள் அருகியிருந்த லயங்களில் அது பெரும்பாலோர்க்கு இயலாததாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்றோராக எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. வந்துபோகும் கூலிகள் என்ற எண்ணம் கோப்பிக் காலத்துக்கு ஓரளவு பொருந்தலாம். ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்த தலைமுறைகளுக்கு அது பொருந்தாது. ஆவணங்கள் காட்டத் தவறிய நிலைபேற்றுக்கு மடுல்கெல்லச் சரிவுகளின் மழையும் ஒரு சான்றாகும் என்று கொள்ளுதல் தகும்.