சிற்றிலும் குடிலும்

அச்சன்புதூரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் முன் அண்மையில் ஒரு மாலை சற்று நின்றேன். நோயுற்றிருந்த முதியவர் ஒருவரைச் சந்தித்துத் திரும்பும் வழி அது. தெருவோரம் கொட்டியிருந்த மணற்குவியலில் இரு சிறுமியரும் ஒரு சிறுவனும் வீடு கட்டிக்கொண்டிருந்தனர். மூத்தவள் வலக்காலை ஈரமணலுக்குள் வைத்து, மேலே மணலை அள்ளி இட்டுத் தட்டி, பிறகு மெல்லக் காலை உருவினாள். வாசலோடு கூடிய வீடு ஒன்று நின்றது. மூன்று கூழாங்கற்கள் அடுப்பாயின. சோடா மூடி சோற்றுப் பானையாயிற்று. "மணலைக் கலைக்காதீங்க!" என்று கொத்தனார் அதட்டவே மூவரும் ஓடினர். அவர் சாந்து குழைக்கத் திரும்பியதும் மீண்டும் வந்தனர். பின்னால் நின்ற பெரிய வீட்டிற்கு இன்னும் கதவு வைக்கவில்லை. இவர்கள் வீட்டிலோ அதற்குள் சோறு வெந்துவிட்டது.

இந்த விளையாட்டு சங்கத் தொகை நூல்களிலேயே இடம் பெற்ற ஒன்று. சிறிய இல் என்பதால் அதற்குச் 'சிற்றில்' என்று பெயர். அந்த இல்லத்தில் மணலைக் கொண்டு ஆக்கியது 'சிறுசோறு'. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், கபிலர் பாடியதாக வழங்கும் ஒரு பாடலில், தலைவி தன் தோழியிடம் பழைய நாள் ஒன்றை நினைவூட்டுகிறாள். தெருவில் தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைத்துவிட்டு ஓடிய குறும்புக்காரச் சிறுவன் வளர்ந்து, தண்ணீர் கேட்கும் சாக்கில் வாசலுக்கு வந்த கதை அது. ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். வருந்திக் கட்டிய எங்கள் சிற்றிலைச் சிதைத்துவிடாதே என்று ஆயர் சிறுமியர் கண்ணனிடம் மன்றாடுவதாக அமைந்தது அப்பதிகம்.

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் தனி இலக்கிய வகையாக வளர்ந்தபோது இவ்விளையாட்டு ஒரு பருவமாகவே நிலைபெற்றது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. இதில் கருதத்தக்க ஒன்று உண்டு. சிற்றிலைக் கட்டுபவர் சிறுமியர். ஆனால், பாட்டுடைத் தலைவனோ அதைச் சிதைக்க வருபவன். பக்தி நெறியில் அது இறைவனின் திருவிளையாட்டு. அதன் நயத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும், கட்டியவளின் பெயரை எந்தப் பாட்டும் சொல்லவில்லை. கலைக்க வந்தவனுக்கே காப்பியப் புகழ் கிடைத்தது.

இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. கலைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மேற்குமலை அடிவாரத்துப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். குருப்பட்டம் பெற்ற புதிது. கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி வீடுதோறும் குடில் போட்டி வைத்தோம். மதிப்பெண் தாளோடு சென்ற குழுவுக்கு நானே தலைவன். பீடி சுற்றும் தாய் ஒருவரின் வீட்டில், பத்து வயது மகள் அட்டைப் பெட்டி ஒன்றில் குடில் அமைத்திருந்தாள். பனையோலைக் கூரை, வைக்கோல் தரை, களிமண்ணால் பிடித்த குழந்தை. மரியன்னையின் அருகே, தன் சொப்புச் சாமான்கள் அனைத்தையும் அவள் வரிசையாக வைத்திருந்தாள். அடுப்பு, பானை, குடம், அம்மி, உரல் எல்லாம் இருந்தன. குற்றாலச் சீசனில் வாங்கியவை என்றாள்.

"குடிலில் அடுப்பு எதற்கம்மா?" என்று கேட்டேன்.

"பிள்ளை பெத்த வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா, சாமி?" என்றாள் அவள்.

குழுவினர் சிரித்தனர், நானும் சிரித்தேன். 'நற்செய்திக்குப் பொருந்தாத பொருள்கள்' என்று எழுதி, ஐந்து மதிப்பெண் குறைத்தேன். கடையில் வாங்கிய சுருபங்களும், மின்விளக்குத் தோரணமும், மோட்டார் வைத்த நீர்வீழ்ச்சியும் கொண்ட ஒரு குடிலுக்கு முதற்பரிசு கிடைத்தது. மறு ஆண்டு அந்தச் சிறுமி போட்டியில் சேரவில்லை. அந்த மதிப்பெண் தாள் என் மனத்தை விட்டு நீங்காததால்தான், சின்னஞ்சிறு வீடுகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

ஐரோப்பாவில் பொம்மை வீட்டின் கதை குழந்தையிடம் தொடங்கவில்லை. பவேரிய நாட்டுக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1558-ஆம் ஆண்டளவில் மூனிக்கில் செய்வித்த வீடே பழைமையான பதிவுகளுள் ஒன்று. அது அவருடைய கலைப்பொருள் கூடத்திற்குச் சென்றது. 17-ஆம் நூற்றாண்டில் தீக்கு இரையாயிற்று. ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஓர்ட்மன் என்னும் செல்வச் சீமாட்டி, 1686 முதல் 1710 வரை ஒரு வீட்டை அணு அணுவாக அணிசெய்தார். ஆமையோடு இழைத்த பேழைக்குள் அறை அறையாக அமைந்த அவ்வீடு இன்று அந்நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதற்கு அவர் செலவிட்டது இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் கில்டர் வரை இருக்கலாம் என்பர். அத்தொகைக்கு அன்று கால்வாய்க் கரையில் உண்மையான மாளிகை ஒன்றையே வாங்கியிருக்கலாம்! அவ்வீடு விருந்தினர் கண்டு வியப்பதற்காக இருந்தது. விளையாடும் கை அதில் படவில்லை.

நியூரம்பர்க் நகரில் வேறொரு நோக்கம் தோன்றியது. அன்னா கோஃபர்லின் என்னும் பெண்மணி 1631-இல் தம் பொம்மை வீட்டைக் கட்டணம் பெற்று மக்களுக்குக் காட்டினார். இளையோர் அதைப் பார்த்து இல்லறம் நடத்தும் முறையைக் கற்க வேண்டும் என்று துண்டறிக்கையும் அச்சிட்டார். பேழைக்குள் இருந்த வீடு இவ்வாறு பள்ளிக்கூடமாயிற்று. ஆனால், அதனால் பயின்றவர்கள் பெரும்பாலும் பெண்மக்களே. சமையலறை அவர்களுக்கு மட்டுமே உரியது என்னும் பாடமும் உடன் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகி, வண்ணத்தாள் ஒட்டிய மரவீடுகள் கடைக்கு வந்த பின்னரே, ஓரளவு வசதியுள்ள குடும்பத்துக் குழந்தைகளின் கைக்கு அவை எட்டின.

இத்துறையின் உச்சம் எனப் பலரும் போற்றும் வீடு, நம் நாட்டோடும் தொடர்புடையது. புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரே, இங்கிலாந்தின் மேரி அரசியாருக்காக 1921-க்கும் 1924-க்கும் இடையே ஒரு பொம்மை வீட்டையும் வடிவமைத்தார். இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை தில்லியில் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. பொம்மை வீட்டில் ஒவ்வொரு பொருளும் உண்மைப் பொருளின் பன்னிரண்டில் ஒரு பங்கு. குழாயில் நீர் வரும், மின்விளக்கு எரியும், மின்தூக்கி இயங்கும். நூலகத்தில் உள்ள கட்டைவிரல் அளவு நூல்களுக்காக அக்கால எழுத்தாளர்கள் தம் கைப்பட எழுதித் தந்தனர். 1924-இல் வெம்பிளி கண்காட்சியில் மக்கள் அதைத் திரண்டு வந்து கண்டனர். இன்று அது விண்ட்சர் கோட்டையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கைத்திறனுக்கு அது ஒரு பெருஞ்சான்று, ஐயமில்லை. ஆனால், அவ்வீட்டில் குறையொன்றும் இல்லாததால், ஒரு குழந்தை அதில் செய்வதற்கும் ஒன்றும் இல்லை.

இவ்வுண்மையைக் கண்டறிந்து சொன்ன கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் நம் தமிழ் மண்ணில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் மரியா மாண்டிசோரி. 1907 சனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று, உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் பகுதியில் அவர் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். அங்கே அழகிய விளையாட்டுப் பொருள்கள் இருந்தும், குழந்தைகள் அவற்றை நாடவில்லை என்பதை அவர் வியப்போடு கவனித்தார். தம் உயரத்திற்கேற்ற மேசையைத் துடைப்பதும், உணவு பரிமாறுவதும், பாத்திரம் கழுவுவதுமே அவர்களுக்கு உவப்பாக இருந்தன. 1939-இல் இந்தியா வந்து சென்னை அடையாற்றிலும், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பயிற்சி அளித்த அவர் கற்றுத்தந்தது இதுவே: குழந்தை வீட்டைப் பார்க்க விரும்பவில்லை, வீட்டில் பங்கு பெற விரும்புகிறது.

நம் முன்னோர் இதை நூல் எழுதாமலே அறிந்திருந்தனர் போலும். மேலைநாட்டுப் பொம்மை வீடு சுவரில் தொடங்குகிறது. நம் சொப்பு விளையாட்டோ அடுப்பில் தொடங்குகிறது. நம் சிறுமியர் சுவர் எழுப்பவில்லை. தரையில் கரிக்கோடு ஒன்றைக் கிழித்து, இது அடுப்படி, இது திண்ணை என்றனர், வீடு அமைந்துவிட்டது. அவர்களுக்குப் பாத்திரம் தந்தவர்கள் நம் அம்பாசமுத்திரத்துக் கடைசல் தொழிலாளர்கள். சுழலும் மரத்துண்டை உளியால் கடைந்து வடிவாக்குவர். பிறகு வண்ண அரக்கை அதன்மேல் அழுத்துவர். சுழற்சியின் உராய்வில் பிறக்கும் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் படியும். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பளபளக்கும் அம்மியும் ஆட்டுரலும் குடமும் ஓலைப்பெட்டியில் அடங்கி, அருவிக்கு வந்தவர்களின் கையோடு ஊர் ஊராகச் சென்றன. நெகிழிப் பொருள்கள் மலிந்த பின் இத்தொழில் நலிந்தது, ஆயினும் அற்றுப்போகவில்லை.

இனி, நம் குடிலுக்கு வருவோம். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த முதற் குடிலில் சுருபமே இல்லை. வைக்கோல் இட்ட தீவனத் தொட்டி ஒன்று, உயிருள்ள காளை, உயிருள்ள கழுதை. அத்தொட்டியின் மேல் திருப்பலி நிறைவேறியது. திருத்தொண்டராகிய பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். குழந்தை பட்ட குளிரையும் வறுமையையும் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் வேட்கை. மாட்டுத் தொழுவத்தில் எது இருக்குமோ, அதுவே அங்கு இருந்தது.

18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகர மக்கள் அத்தொழுவத்தைத் தம் தெருவுக்கே கொண்டுவந்தனர். அவர்கள் குடிலில் மீன் விற்பவர், அப்பம் சுடுபவர், சத்திரக்காரர், சமையல் செய்வோர் என ஊரே திரண்டது. 1734 முதல் 1759 வரை அங்கு ஆண்ட சார்லஸ் அரசர் தாமே அமர்ந்து குடில் வேலை செய்ததாகவும், அரசியார் சுருபங்களுக்கு ஆடை தைத்ததாகவும் கூறுவர். நற்செய்தியில் இல்லாத அடுப்புகள் அங்கே எத்தனையோ எரிந்தன! எந்த நடுவரும் அவற்றிற்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

2019 திசம்பர் முதல் நாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலின் பொருள் குறித்து 'வியத்தகு அடையாளம்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு திருமடலைக் கையொப்பமிட்டார். நற்செய்தியோடு நேர்த்தொடர்பு இல்லாத உருவங்களையும் மக்கள் குடிலில் சேர்ப்பதை அவர் அதில் கனிவோடு குறிப்பிடுகிறார். கொல்லரும், அப்பம் செய்வோரும், தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்களும், விளையாடும் குழந்தைகளும் அன்றாட வாழ்வின் புனிதத்தை உணர்த்துகின்றனர் என்பது அவர் கருத்து. அம்மடலைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் மனித உடலேற்பு என்னும் மறைபொருளை ஆண்டுக்கணக்கில் பயின்றவன் நான். வார்த்தை மனிதரானார் என்றால், அவருக்குப் பசி உண்டு. அவரைப் பெற்ற தாய்க்குப் பத்தியச் சோறு வேண்டும். அதற்கு ஓர் அடுப்பு வேண்டும். பத்து வயதுச் சிறுமி சொப்புப் பானையால் சொன்ன இறையியல் இது. அதற்குத்தான் நான் ஐந்து மதிப்பெண் குறைத்தேன்.

அன்பு வாசகர்களே, சிற்றிலைக் காலால் உதைத்துத்தான் சிதைக்க வேண்டும் என்பதில்லை. கண்ணாடி அலமாரியில் பொம்மையைப் பூட்டிவைத்து, தொடாதே என்பதும் ஒரு வகைச் சிதைப்பே. பிள்ளை ஒட்டிய கூரை கோணலாக இருக்கிறது என்று பிய்த்துவிட்டு, நாமே நேராக ஒட்டித் தருவதும் அப்படித்தான். பீடித்தட்டின் முன் மகளை அமர்த்தி, அவள் விளையாட்டு நேரத்தைக் கூலியாக மாற்றுவது எல்லாவற்றிலும் கொடியது. வறுமையால் அவ்வாறு செய்யும் தாயை நான் பழிக்கவில்லை. அந்த வறுமையைக் கண்டும் காணாமல் போகும் நம் எல்லாரையும் சேர்த்தே சொல்கிறேன்.

இவ்வாண்டுக் குடிலைப் பிள்ளைகள் கட்டட்டும். ஓர் அட்டைப் பெட்டியும், ஓலையும், பிசைந்த களிமண்ணும் போதும். ஆண்பிள்ளையும் அடுப்பு மூட்டட்டும். பெண்பிள்ளையும் கூரை வேயட்டும். என்ன வைக்கலாம் என்று அவர்கள் கேட்டால், உங்கள் வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வையுங்கள் என்று சொல்லுங்கள். நம் பங்கில் இப்போது குடில் பார்க்கப் போகும்போது மதிப்பெண் தாள் எடுத்துச் செல்வதில்லை. பிள்ளைகளின் அருகே தரையில் அமர்ந்து, இது என்ன, இது யாருக்கு என்று கேட்கிறோம். அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்தச் சிறுமிக்கு இப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் வீட்டில் இன்று பிள்ளைகள் இருக்கலாம். இந்த இதழ் அவள் கைக்குக் கிடைக்குமானால், அவளிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றே: நீ வைத்த அடுப்பு சரியான இடத்தில்தான் இருந்தது, அம்மா.